அறிவுசார் குறைபாடுள்ள குழந்தைகள் விரும்பி விளையாட: வீட்டுக்கும் பள்ளிக்குமான முழுமையான வழிகாட்டி

சிறப்புப் பள்ளிகளிலும் இயன்முறை சிகிச்சை மையங்களிலும் பெற்றோர் அடிக்கடி சொல்லும் குறை ஒன்று உண்டு: "இவனை உட்கார்ந்த இடத்தை விட்டு எழுப்பவே முடியவில்லை, ஃபோனைக் கையில் கொடுத்தால் நாள் முழுவதும் அப்படியே இருப்பான்." இதைக் கேட்கும் உறவினர்களில் சிலர் சோம்பேறித்தனம் என்பார்கள், சிலர் பிடிவாதம் என்பார்கள். ஆனால் அறிவுசார் குறைபாடுள்ள ஒரு குழந்தை ஓடியாட மறுக்கும்போது அதற்கு அநேகமாக எப்போதும் ஒரு காரணம் இருக்கிறது. அந்தக் காரணத்தைக் கண்டு களைந்து, "என்னால் முடிகிறது" என்ற உணர்வை அடுத்தடுத்துச் சில முறை குழந்தை அடையும்படி செய்துவிட்டால், பிறகு நாம் தள்ள வேண்டியதில்லை. குழந்தையே நம் கையைப் பிடித்து இழுக்கத் தொடங்கும்.

உலக சுகாதார நிறுவனம் 2020-இல் வெளியிட்ட உடல் இயக்க வழிகாட்டுதல், 5 முதல் 17 வயது வரையிலான மாற்றுத்திறனாளிக் குழந்தைகளுக்கும் மற்றக் குழந்தைகளுக்குச் சொன்ன அளவையே பரிந்துரைக்கிறது: நாளொன்றுக்குச் சராசரியாக 60 நிமிடமாவது மூச்சு சற்று வாங்கும் அளவுக்கு உடல் இயங்க வேண்டும், வாரத்தில் மூன்று நாளாவது தசைக்கும் எலும்புக்கும் வலுவூட்டும் இயக்கம் அதில் இருக்க வேண்டும். அதே வழிகாட்டுதல், சிறிதளவு செய்வதும் ஒன்றும் செய்யாமல் இருப்பதைவிட நல்லது என்றும், குறைந்த அளவில் தொடங்கிப் படிப்படியாகக் கூட்ட வேண்டும் என்றும் சொல்கிறது. பல வீடுகளில் முதல் வரியை மட்டும் பிடித்துக்கொண்டு, முதல் நாளே குழந்தையை ஒரு மணி நேரம் நடக்க வைத்து, மூன்றாம் நாளோடு எல்லாம் நின்றுபோகிறது. இந்த வழிகாட்டி இரண்டாவது வரியிலிருந்து தொடங்குகிறது. ஐந்து வயது முதல் பதினான்கு வயது வரையிலான, லேசான அல்லது மிதமான குறைபாடுள்ள குழந்தைகளை மனத்தில் வைத்து இது எழுதப்பட்டிருக்கிறது; கூடுதல் உதவி தேவைப்படும் குழந்தைகளுக்கு எங்கே மாற்றம் வேண்டும் என்பதும் ஆங்காங்கே சொல்லப்பட்டிருக்கிறது.

முதல் படி: மறுப்பின் காரணத்தைக் கண்டறியுங்கள்

ஒரு வாரம் எதையும் புதிதாகச் சொல்லிக்கொடுக்க முயலாமல் குழந்தையைக் கவனியுங்கள். ஒரு நோட்டில், குழந்தை யாரும் சொல்லாமல் தானாக உடலை அசைத்த தருணங்களை ஒரு பக்கத்திலும், எழ மறுத்த தருணங்களை எதிர்ப்பக்கத்திலும் எழுதுங்கள். அசையவே அசையாது என்று நாம் நினைத்திருந்த குழந்தை, குளிக்கும்போது வாளித் தண்ணீரைக் கையால் அடித்துக்கொண்டே இருப்பதும், தொலைக்காட்சியில் பாட்டு வந்தால் இடுப்பை ஆட்டுவதும், மாடிப்படியை மட்டும் அலுக்காமல் ஏறி இறங்குவதும் அப்போதுதான் கண்ணில் படும். இந்தப் பக்கம்தான் பின்வரும் எல்லாப் படிகளுக்கும் முதலீடு.

எதிர்ப்பக்கத்தில் எழுதியவற்றைக் கூர்ந்து பார்த்தால் காரணங்கள் பிடிபடத் தொடங்கும். முதலாவது, சொன்னது புரியாமை. "ஓடிப்போய் அந்தச் சிவப்புப் பந்தை எடுத்துவந்து கூடையில் போட்டுவிட்டு வரிசையில் நில்" என்பது நமக்கு ஒரு வாக்கியம். குழந்தைக்கு அது ஐந்து கட்டளைகள். இரண்டாவது, உடலின் களைப்பு. டவுன் சிண்ட்ரோம் (குரோமோசோம் ஒன்று கூடுதலாக இருப்பதால் வரும் பிறவி நிலை) உள்ள குழந்தைகளில் பெரும்பாலோருக்குத் தசை இறுக்கம் குறைவு, மூட்டுகள் தளர்ந்தவை, பாதம் தட்டையானது; அதனால் மற்றக் குழந்தை சாதாரணமாக நடக்கும் தூரத்துக்கே இவர்கள் அதிக உழைப்பைச் செலவிடுகிறார்கள். மூன்றாவது, பழைய தோல்வி. தெருவிலும் பள்ளியிலும் எப்போதும் ஒப்புக்குச் சப்பாணியாக நிறுத்தப்பட்ட குழந்தை, பந்து கைநழுவியபோதெல்லாம் சிரிப்பைக் கேட்ட குழந்தை, விளையாட்டு என்றாலே விலகிக்கொள்வது நியாயமான தற்காப்பு.

விசில் சத்தம், எதிரொலிக்கும் அரங்கம், ஈரப் புல், சுடும் மணல் போன்றவற்றைத் தாங்க முடியாத குழந்தைகள் உண்டு. இரண்டு காலும் தரையை விட்டு எழும்போது அஞ்சி உடலை விறைத்துக்கொள்ளும் குழந்தைகள் உண்டு. இவை தவிர, சொல்லத் தயங்கும் காரணம் ஒன்றும் உண்டு: விழுந்துவிடுமே என்ற நம் அச்சம். எட்டு வயதிலும் இடுப்பில் தூக்கிச் செல்லப்படும் குழந்தைக்கு, தன் கால் எதற்கு என்று தெரிய வாய்ப்பே கிடைப்பதில்லை. காரணம் எது என்று தெரியாமல் ஊக்கமூட்டுவது பயனற்றது. விசிலுக்கு அஞ்சும் குழந்தைக்கு எத்தனை பரிசு காட்டினாலும் மைதானம் பிடிக்காது, விசிலை நிறுத்தினால் ஒருவேளை உடனே பிடிக்கும்.

இரண்டாம் படி: உடல்நிலையை உறுதி செய்துகொள்ளுங்கள்

டவுன் சிண்ட்ரோம் உள்ள குழந்தைகளில் ஏறக்குறைய பாதிப் பேருக்குப் பிறவி இதயக் குறைபாடு இருக்கிறது. ஆகவே இதயப் பரிசோதனை செய்யப்படாமல் இருந்தால் முதலில் அதைச் செய்யுங்கள். தைராய்டு சுரப்பு குறைந்தாலும் குழந்தை சோர்ந்து, எடை கூடி, எதிலும் நாட்டமின்றி இருக்கும். ஓர் இரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடக்கூடிய இந்தக் காரணத்தை விட்டுவிட்டுக் குழந்தையைக் கடிந்துகொள்வது வேதனையானது. கண்ணும் காதும் பரிசோதிக்கப்பட வேண்டும்.

டவுன் சிண்ட்ரோம் உள்ள குழந்தைகளில் சிலருக்குக் கழுத்தின் முதல் இரு எலும்புகளுக்கு இடையிலான இணைப்பு தளர்ந்திருக்கும். கழுத்து வலி, தலை ஒரு பக்கம் சாய்தல், நடையில் திடீர் மாற்றம், கை வலுவிழத்தல், முன்பு கட்டுப்பாட்டில் இருந்த சிறுநீரோ மலமோ இப்போது கட்டுப்படாமல் போதல் ஆகியவற்றில் எது தெரிந்தாலும் விளையாட்டை நிறுத்திவிட்டு உடனே மருத்துவரைப் பாருங்கள். அறிகுறி இல்லாவிட்டாலும், டவுன் சிண்ட்ரோம் உள்ள குழந்தையைத் தலைகீழாக உருளுதல், தலை முன்னால் போகும்படி தண்ணீரில் பாய்தல், டிராம்போலினில் குதித்தல் ஆகியவற்றில் மருத்துவர் ஒப்புதல் இல்லாமல் ஈடுபடுத்தாதீர்கள்.

வலிப்பு நோய் அறிவுசார் குறைபாடுள்ள குழந்தைகளிடம் மற்றவர்களைவிட அதிகம். வலிப்பு இருப்பதால் விளையாட்டே கூடாது என்பதில்லை. தண்ணீரிலும் உயரத்திலும் ஒரு பெரியவர் கையெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும் என்பதே விதி. சில வலிப்பு மருந்துகளும் நடத்தைக்காகத் தரப்படும் சில மருந்துகளும் பசியையும் எடையையும் கூட்டும். டோபிரமேட் போன்ற சில மருந்துகள் வியர்வையைக் குறைத்து உடல் சூட்டை ஏற்றும். குழந்தை சாப்பிடும் மருந்தைச் சொல்லி, வெயிலில் விளையாடலாமா என்று மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

தமிழ்நாட்டில் இதற்கெல்லாம் தனியார் மருத்துவமனையைத்தான் நாட வேண்டும் என்பதில்லை. அரசு மருத்துவக் கல்லூரிகளிலும் மாவட்டத் தலைமை மருத்துவமனைகளிலும் உள்ள மாவட்ட இடையீட்டு சேவை மையங்கள் 18 வயது வரையிலான குழந்தைகளைப் பார்க்கின்றன. அரசுப் பள்ளிக் குழந்தை என்றால், ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தின் வட்டார வள மையத்தில் சிறப்பாசிரியரும் இயன்முறை மருத்துவரும் கிடைப்பார்கள். சென்னைக்குத் தெற்கே முட்டுக்காட்டில் உள்ள பன்முகக் குறைபாடுடையோருக்கான தேசிய நிறுவனத்தில் பல துறையினரையும் ஒரே வளாகத்தில் பார்க்க முடியும்.

மூன்றாம் படி: பிடித்ததை எடுத்து விளையாட்டாக்குங்கள்

முதல் வாரத்து நோட்டை எடுங்கள். தண்ணீரை அடிக்கும் குழந்தைக்கு, முதல் விளையாட்டு ஒரு தொட்டியில் மிதக்கும் பந்துகளை அள்ளி வெளியே எறிவதாக இருக்கட்டும். பாட்டுக்கு ஆடும் குழந்தைக்குப் பாட்டு ஓடும்போது ஆடி, நின்றதும் சிலையாக நிற்கும் ஆட்டம். கடைக்குப் போக ஆசைப்படும் குழந்தைக்குக் கடைதான் மைதானம். போகும் வழியில் மூன்று மரங்களைத் தொட்டுவிட்டுப் போவது ஆட்டம். பொருள்களைத் தள்ளப் பிடிக்கும் குழந்தைக்கு ஒரு பழைய அட்டைப் பெட்டியில் தங்கையை உட்கார வைத்துக் கூடத்தில் தள்ளச் சொல்லுங்கள். கை, கால், இடுப்பு மூன்றுக்கும் இதைவிட நல்ல வலுப்பயிற்சி அந்த வயதில் எளிதில் கிடைக்காது. உடற்பயிற்சி என்ற பெயரில் நாம் நினைத்து வைத்திருப்பதைச் சிறிது நாள் மறந்துவிட வேண்டும். வரிசையில் நின்று கையை மேலே தூக்கிக் கீழே இறக்குவது பல குழந்தைகளுக்கு எந்தப் பொருளும் இல்லாத செயல். மேலே கட்டிய பலூனைத் தட்டுவது பொருளுள்ள செயல். இரண்டிலும் கை அதே அளவுதான் உயர்கிறது.

தேர்வைக் குழந்தையிடம் விடுவது இந்தப் படியின் உயிர். நாள் முழுவதும் மற்றவர் சொல்வதையே செய்து பழகிய குழந்தைக்கு, தான் விரும்பியதைத் தேர்ந்தெடுக்கும் வாய்ப்பே பெரிய ஊக்கம். ஆனால் "என்ன விளையாடலாம்?" என்று பொதுவாகக் கேட்டால் பதில் வராது. ஒரு கையில் பந்தையும் மறு கையில் வளையத்தையும் காட்டி, "எது வேண்டும்?" என்று கேட்டுவிட்டுக் காத்திருங்கள். கை நீட்டினாலும், ஒரு பொருளின் மேல் பார்வை தங்கினாலும் அதைத் தேர்வாக ஏற்று உடனே அந்த விளையாட்டைத் தொடங்குங்கள். பேச்சு வராத குழந்தைக்கும் இப்படித் தேர்ந்தெடுக்க முடியும்.

நான்காம் படி: இடத்தையும் நேரத்தையும் பொருளையும் ஆயத்தப்படுத்துங்கள்

அடுத்து என்ன நடக்கும் என்று தெரியாதபோது இந்தக் குழந்தைகள் பதறுகிறார்கள், தெரிந்தால் அமைதியாகிறார்கள். ஆகவே தினமும் ஒரே நேரம், ஒரே இடம், ஒரே தொடக்கப் பாட்டு, ஒரே முடிவு. நான்கு படங்களை ஓர் அட்டையில் வரிசையாக ஒட்டுங்கள்: காலணி, பந்து, தண்ணீர், வீடு. ஒவ்வொன்று முடியும்போதும் குழந்தையே அந்தப் படத்தைக் கழற்றிப் பெட்டியில் போடட்டும். எப்போது முடியும் என்பது கண்ணால் தெரிவதால், பாதியில் ஓடிவிடும் பழக்கம் பல குழந்தைகளிடம் குறைகிறது.

நிற்க வேண்டிய இடத்தைத் தரையில் காட்டுங்கள். வாசலில் கோலமாவால் ஒரு வட்டம் போட்டு, "இதுதான் உன் இடம்" என்று உள்ளே நின்று காட்டினால் போதும். பொருள்களுக்கும் செலவு வேண்டாம். பலூன் மெல்ல இறங்குவதால் பந்து பிடிக்கத் தெரியாத குழந்தைக்கு முதல் பந்து அதுவே. அதற்கு அடுத்துத் துப்பட்டாவை மேலே எறிந்து பிடிக்கலாம். பிறகு காற்று குறைத்த பெரிய பந்து, அதற்கும் பிறகு சின்னப் பந்து. மணல் நிரப்பிய தண்ணீர் பாட்டில்கள் வீழ்த்துவதற்கான இலக்காகும். பழைய சைக்கிள் டயர் தாண்டுவதற்கான வட்டமாகும்.

ஏப்ரல், மே மாதங்களில் காலை எட்டு மணிக்குள்ளோ மாலை ஐந்து மணிக்குப் பிறகோ வைத்துக்கொள்ளுங்கள். தாகத்தைச் சொல்லத் தெரியாத குழந்தைக்குக் கேட்காமலே பத்து நிமிடத்துக்கு ஒரு முறை தண்ணீர் கொடுங்கள். மொட்டை மாடியைப் பயன்படுத்துவதாக இருந்தால், கைப்பிடிச் சுவர் குழந்தையின் மார்புக்கு மேல் இருக்கிறதா, ஏறி நிற்கத் தோதாக அருகில் ஏதாவது கிடக்கிறதா என்று ஒவ்வொரு நாளும் பாருங்கள்.

ஐந்தாம் படி: சொல்லிக்கொடுக்கும் முறையை மாற்றுங்கள்

ஊக்கம் பிறப்பதும் சாவதும் பெரும்பாலும் இந்தப் படியில்தான் என்பதால் இதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

வாக்கியத்தைச் சுருக்குங்கள். "எறி", "பிடி", "குதி", "நில்" என்று ஒரு செயலுக்கு ஒரே சொல், எல்லோரும் அதே சொல். அம்மா "போடு" என்றும், அப்பா "எறி" என்றும், ஆசிரியர் "வீசு" என்றும் சொன்னால் குழந்தை மூன்று விளையாட்டுகளைக் கற்க வேண்டியிருக்கும். சொல்வதோடு செய்து காட்டுங்கள். குழந்தைக்கு எதிரே நின்று காட்டுவதைவிடப் பக்கத்தில், அதே திசை பார்த்து நின்று காட்டுவது எளிதாகப் புரியும். காட்டியதும் மனத்துக்குள் பத்து வரை எண்ணுங்கள். கேட்டதை உள்வாங்கி, உடலுக்கு அனுப்பி, அசைவைத் தொடங்க இந்தக் குழந்தைகளுக்குக் கூடுதல் நேரம் வேண்டும். நாம் மூன்றாவது நொடியில் மறுபடி கத்தினால் முதல் முயற்சி கலைந்து, எண்ணிக்கை தொடக்கத்துக்கே போய்விடுகிறது. என் பார்வையில், வீட்டிலும் பள்ளியிலும் மிக எளிதாகச் செய்யக்கூடிய, ஆனால் மிக அரிதாகச் செய்யப்படும் மாற்றம் இந்தப் பத்து நொடி மௌனம்தான்.

செயலைத் துண்டுகளாக்குங்கள். கூடையில் பந்து போடுவதை எடுத்துக்கொள்வோம். வழக்கமாக நாம் குழந்தையைத் தூரத்தில் நிறுத்தி எறியச் சொல்கிறோம், பத்தில் ஒன்பது தவறுகிறது, குழந்தை உட்கார்ந்துவிடுகிறது. இதைக் கடைசியிலிருந்து தொடங்குங்கள். பந்தைக் குழந்தையின் கையில் கொடுத்து, கையைக் கூடையின் வாய்க்கு நேர் மேலே கொண்டுபோய், விரலைத் திறக்க மட்டும் விடுங்கள். பந்து விழும் சத்தம் கேட்கும், நாம் கைதட்டுவோம், குழந்தைக்கு முதல் வெற்றி. சில நாளில் கூடைக்குப் பக்கத்தில் நின்று தானே போடும். பிறகு அரை அடி பின்னால். பத்தில் எட்டு முறை விழுந்தால் இன்னும் அரை அடி. ஐந்துக்குக் கீழே போனால் மறுபடி முன்னால். இந்தக் கணக்கை நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள், குழந்தையிடம் சொல்ல வேண்டாம். குழந்தைக்குத் தெரிய வேண்டியது, பந்து பெரும்பாலும் உள்ளே விழுகிறது என்பது மட்டுமே.

இரண்டு காலால் குதிப்பது பல குழந்தைகளுக்குக் கடினமான செயல். அஞ்சும் குழந்தைக்கு இன்னும் கடினம். முதலில் நம் இரு கைகளையும் பிடித்துக்கொண்டு முழங்காலை மடக்கி நிமிரட்டும், பாதம் தரையிலேயே இருக்கட்டும். அடுத்து, ஒரு செங்கல் உயரப் படியிலிருந்து கைபிடித்து ஒவ்வொரு காலாக இறங்குதல். அடுத்து அதே படியிலிருந்து இரு காலும் சேர்த்து. அதன்பின் தரையில் போட்ட வட்டத்துக்குள் குதித்தல். பிறகு ஒரு கை, பிறகு ஒரு விரல், கடைசியாக நாம் பக்கத்தில் நின்றால் போதும். ஒரு கட்டத்துக்கு ஒரு நாளும் ஆகலாம், ஒரு மாதமும் ஆகலாம்.

புதிய செயலுக்குத் தொடக்கத்தில் கைபிடித்து முழு உதவி செய்து, பிறகு சிறிது சிறிதாக விலகுவது நல்லது. கையிலிருந்து மணிக்கட்டுக்கும், மணிக்கட்டிலிருந்து முழங்கைக்கும், அங்கிருந்து தோளுக்கும் நம் பிடி நகர வேண்டும். பிறகு வெறும் சைகை. தொடுவதற்கு முன் "கையைப் பிடிக்கட்டுமா?" என்று கேளுங்கள். தொடுவதை விரும்பாத குழந்தையைப் பிடித்து இழுத்துச் செய்ய வைத்தால், செயல் வந்தாலும் விருப்பம் போய்விடும்.

ஆறாம் படி: பாராட்டும் பரிசும்

பாராட்டு உடனே வர வேண்டும், எதற்கு என்று சொல்ல வேண்டும். "சமத்து" என்பதைவிட "ரெண்டு காலையும் சேர்த்துக் குதிச்சிட்டே!" என்பது எதை மறுபடி செய்ய வேண்டும் என்று குழந்தைக்குச் சொல்லித்தருகிறது. முயற்சியைப் பாராட்டுங்கள், பந்து விழாவிட்டாலும் கை உயர்ந்ததற்குப் பாராட்டு உண்டு.

தொடக்கத்தில் "முதலில் இது, பிறகு அது" என்ற ஒழுங்கு பலருக்கு உதவும்: முதலில் ஐந்து முறை பந்து, பிறகு ஊஞ்சல். இரண்டையும் படமாகக் காட்டுங்கள். சாக்லேட், பிஸ்கட், சிப்ஸ் ஆகியவற்றைப் பரிசாக்க வேண்டாம். எடை கூடுவது ஒரு பக்கம். பிராடர்-வில்லி சிண்ட்ரோம் என்ற அரிய மரபணுக் கோளாறு உள்ள குழந்தைக்கு அடங்காப் பசியே நோயின் பகுதி என்பதால் உணவுப் பரிசு தீங்கே செய்யும். ஒட்டுப்படம், முதுகில் தட்டுதல், பிடித்த பாட்டு ஒரு நிமிடம், தாத்தாவுக்கு ஃபோன் செய்து சொல்வது எல்லாம் பரிசுகளே. விளையாட்டே பிடித்துவிட்டது என்று தெரிந்ததும் வெளிப் பரிசைக் குறைத்துக்கொண்டே வாருங்கள்.

இரண்டு செயல்களை முற்றிலும் விட்டுவிட வேண்டும். ஒன்று, தண்டனையாக உடற்பயிற்சி தருவது: பாடம் எழுதாததற்குத் தோப்புக்கரணமும் மைதானத்தைச் சுற்றி ஓட்டமும் கொடுத்தால், உடலை அசைப்பது அவமானத்தோடு சேர்ந்துவிடும். மற்றொன்று, தண்டனையாக விளையாட்டு நேரத்தைப் பறிப்பது. வகுப்பில் அமைதியாக உட்கார முடியாத குழந்தைக்கே அந்த நேரம் மிகவும் தேவைப்படுகிறது.

ஏழாம் படி: சேர்ந்து விளையாடச் செய்யுங்கள்

தனியாகப் பயிற்சி செய்யும் குழந்தை கற்கும். மற்றக் குழந்தைகளோடு விளையாடும் குழந்தை மறுநாளும் வரும். அண்ணன், அக்கா, பெரியப்பா பிள்ளைகள், பக்கத்து வீட்டுக் குழந்தைகள் எனத் தொடக்கத்தில் இரண்டு பேர் போதும். அவர்களிடம் நாம் சொல்ல வேண்டியது இரக்கத்தைப் பற்றி அல்ல, விதியைப் பற்றி: "இவளுக்குப் பந்தை உருட்டித் தர வேண்டும், முகத்துக்கு நேரே எறியக் கூடாது, இரண்டு தடவை வாய்ப்பு." குழந்தைகள் விதியை விரைவில் ஏற்றுக்கொள்வார்கள்.

நம் தெரு விளையாட்டுகள் இதற்கு நன்றாக வளைந்துகொடுக்கின்றன. குலை குலையாய் முந்திரிக்காயில் துணியைச் சத்தமின்றிப் பின்னால் போடுவதற்குப் பதிலாக, அதில் ஒரு சலங்கையைக் கட்டி, போடும்போது தோளையும் தொட வேண்டும் என்று மாற்றினால், தன் முறை வந்தது குழந்தைக்குத் தெரிந்துவிடும். ஓட வேண்டிய திசையைக் கோலமாவால் அம்புக்குறி போட்டுக் காட்டலாம். கல்லா மண்ணாவில் கல் எது, மண் எது என்ற குழப்பம் வராமல், கல்லாக வைத்துக்கொண்ட இடங்களைப் பெரிய வட்டமாக வரைந்துவிடலாம். கண்ணாமூச்சியில் ஒளிந்திருப்பவர் அவ்வப்போது கைதட்ட வேண்டும். நொண்டியில் ஒரு காலுக்குப் பதில் இரு காலால் தாண்டலாம். எந்த ஆட்டத்திலும் முதலில் நீக்க வேண்டியது "அவுட்" ஆகி வெளியே உட்காருவதை. அதிகம் விளையாட வேண்டிய குழந்தையே முதலில் வெளியேறி, மீதி நேரம் முழுவதும் வேடிக்கை பார்க்கிறது.

கும்மியும் கோலாட்டமும் தனியாகக் குறிப்பிடத் தகுந்தவை. தாளம் அடுத்த அசைவை முன்கூட்டியே சொல்லிவிடுகிறது, வட்டம் வழியைக் காட்டுகிறது, பக்கத்தில் இருப்பவரைப் பார்த்தே செய்யலாம், தோற்பவர் யாரும் இல்லை. சக்கர நாற்காலியில் இருக்கும் குழந்தைக்கும் கோலைத் தட்டும் பங்கு முழுமையானது. கோலைச் சுற்றித் துணி சுற்றித் தடித்தால் பிடிப்பதற்கும் எளிது.

எட்டாம் படி: நாளோடு கலந்துவிடுங்கள்

முதல் வாரம் ஐந்து நிமிடம் போதும். குழந்தை களைத்து அழும்வரை நீட்டாமல், சிரித்துக்கொண்டிருக்கும்போதே முடித்துவிடுங்கள். நன்றாக முடிந்த ஆட்டத்துக்குத்தான் மறுநாள் குழந்தை விரும்பி வரும். பிறகு வாரத்துக்கு இரண்டு மூன்று நிமிடம் கூட்டி, காலையில் பத்து, பள்ளியில் இருபது, மாலையில் இருபது, வீட்டு வேலையில் பத்து என்று 60 நிமிடத்தைப் பிரித்துக்கொள்ளலாம். மாவு பிசைதல், குடத்தில் தண்ணீர் பிடித்துச் செடிக்கு ஊற்றுதல், ஈரத் துணியைப் பிழிந்து கொடியில் போடுதல் ஆகியவை வலுப்பயிற்சியே. வீட்டுக்குப் பயன்படும் ஒருவராகக் குழந்தை தன்னை உணர்வதும் கூடவே நடக்கிறது.

வேகத்தை நாடித்துடிப்புக் கணக்கால் அளக்க வேண்டாம். டவுன் சிண்ட்ரோம் உள்ளவர்களின் இதயத் துடிப்பு உழைப்பின்போதும் மற்றவர் அளவுக்கு உயர்வதில்லை. பேச முடிகிறது, பாட முடியவில்லை என்ற நிலை சரியான வேகம். உதடு நீலம் பாய்ந்தாலோ, முகம் வெளுத்தாலோ, நெஞ்சைப் பிடித்தாலோ உடனே நிறுத்தி மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.

நோட்டில் எத்தனை நிமிடம் என்பதோடு இன்னும் மூன்றை எழுதுங்கள்: தானாக வந்ததா, சிரித்ததா, மறுபடி கேட்டதா. மூன்றாவதற்கு "ஆம்" என்று விழும் விளையாட்டை வளர்த்தெடுங்கள். இரண்டு வாரம் பார்த்தும் மூன்றுமே "இல்லை" என்றால் அந்த விளையாட்டைக் கைவிட்டு வேறு எடுங்கள்.

ஒன்பதாம் படி: மறுக்கும் நாள்களைக் கையாளுங்கள்

தரையில் உட்கார்ந்துவிட்ட குழந்தையை இழுக்காதீர்கள். பக்கத்தில் நீங்களும் உட்கார்ந்து ஒரு நிமிடம் பேசாமல் இருந்து, பிறகு வேலையைச் சுருக்குங்கள்: "ஒரே ஒரு தடவை, அப்புறம் வீட்டுக்கு." அந்த ஒன்றைச் செய்தால் சொன்னபடி உடனே வீட்டுக்குப் போய்விடுங்கள், இன்னொன்று கேட்டு ஏமாற்றினால் அடுத்த முறை நம் சொல்லுக்கு மதிப்பிருக்காது. நன்றாக வந்துகொண்டிருந்த குழந்தை திடீரென்று பல நாள் மறுத்தால், காதுவலி, பல்வலி, மலச்சிக்கல், தூக்கக் குறைவு, மாற்றிய மருந்து, கடிக்கும் காலணி என்று ஒவ்வொன்றாகப் பாருங்கள். சொல்லத் தெரியாத வலி பெரும்பாலும் மறுப்பாகவே வெளிப்படும்.

பெண் குழந்தை பருவமடைந்ததும் விளையாட்டிலிருந்து நிறுத்திவிடும் வீடுகள் இன்றும் நிறைய உள்ளன. இது மிகப் பெரிய இழப்பு. எடை கூடுவதும் மனம் சோர்வதும் தொடங்கும் அதே வயதில்தான் இயக்கம் மிகவும் தேவை. மாதவிடாய் நாள்களில் நாப்கின் மாற்றுவதைப் படவரிசையாகக் கற்றுக்கொடுத்து, தளர்வான உடையும் உதவிக்கு ஒரு பெண்ணும் இருந்தால், வலி இல்லாதபோது வழக்கம்போல் விளையாடலாம். கைபிடித்துக் கற்றுத்தரும் சூழலில், உடலின் எந்தப் பகுதியை யாரும் தொடக் கூடாது, தொட்டால் யாரிடம் சொல்ல வேண்டும் என்பதை ஆண், பெண் இரு குழந்தைகளுக்கும் கற்றுத் தாருங்கள். பயிற்சி எப்போதும் மற்றவர் கண்ணில் படும் இடத்தில் நடக்கட்டும்.

பத்தாம் படி: வெளி மைதானத்துக்குக் கொண்டுசெல்லுங்கள்

அமெரிக்காவைச் சேர்ந்த யூனிஸ் கென்னடி ஷ்ரைவர் 1962-இல் தன் வீட்டுத் தோட்டத்தில் அறிவுசார் குறைபாடுள்ள குழந்தைகளுக்காக ஒரு கோடை முகாம் நடத்தினார். அதன் தொடர்ச்சியாக 1968-இல் சிகாகோவில் முதல் ஸ்பெஷல் ஒலிம்பிக்ஸ் போட்டிகள் நடந்தன. இந்தியாவில் ஸ்பெஷல் ஒலிம்பிக்ஸ் பாரத் என்ற அமைப்பு இதை நடத்துகிறது. எட்டு வயது முதல் போட்டியிடலாம்; அதற்குக் கீழே இரண்டு முதல் ஏழு வயது வரையிலான குழந்தைகளுக்கு விளையாட்டு வழியாக அடிப்படை அசைவுகளைக் கற்றுத்தரும் தனித் திட்டம் இருக்கிறது. கடுமையான குறைபாடு உள்ளவர்களுக்குப் போட்டி இல்லாத அசைவுப் பயிற்சித் திட்டமும் உண்டு. போட்டியில் வயது, பாலினம், திறன் மூன்றையும் பார்த்து ஏறக்குறைய ஒரே அளவு திறன் உள்ளவர்களையே ஒரு பிரிவில் சேர்க்கிறார்கள். ஆகவே மெதுவாக ஓடும் குழந்தைக்கும் வெல்லும் வாய்ப்பு உண்மையாகவே இருக்கிறது. குறைபாடு உள்ளவரும் இல்லாதவரும் ஒரே அணியில் ஆடும் பிரிவும் உண்டு. அண்ணனையோ வகுப்புத் தோழனையோ அதில் கூடவே சேர்க்க முடியும். உங்கள் ஊருக்கு அருகில் உள்ள சிறப்புப் பள்ளியில் விசாரித்தால் வழி தெரியும்.

பொதுப் பள்ளியில் படிக்கும் குழந்தையை விளையாட்டு வகுப்பில் ஓரமாக உட்கார வைத்திருந்தால், தலைமையாசிரியரிடம் பேசுங்கள். மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016, பிரிவு 16, மற்றவர்களுக்குச் சமமாக விளையாட்டு வாய்ப்பையும் தர வேண்டும் என்று பள்ளிகளுக்குப் பொறுப்பு விதித்திருக்கிறது.

புதிய பயிற்சியாளரிடமோ உடற்கல்வி ஆசிரியரிடமோ குழந்தையை ஒப்படைக்கும் முதல் நாளில், ஒரு பக்கத்துக்கு மிகாமல் எழுதி அவர் கையில் கொடுங்கள். அதில் குழந்தையை எப்படிக் கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கும், எந்தச் சொற்கள் புரியும், எதற்கு அஞ்சும், பிடித்த பாட்டு எது, களைப்பை எப்படிக் காட்டும், கழிவறை வேண்டும் என்பதற்கு என்ன சைகை, என்ன மருந்து எத்தனை மணிக்கு, வலிப்பு வந்தால் என்ன செய்ய வேண்டும், செய்யக் கூடாத அசைவுகள் எவை, அவசரத்துக்கு எந்த எண் என்பவை இருக்கட்டும். கடைசி வரியில், இதுவரை நன்றாகச் செய்யப் பழகிய ஒரு விளையாட்டின் பெயரை எழுதி, முதல் நாள் அதிலிருந்தே தொடங்குமாறு கேட்டுக்கொள்ளுங்கள்.